நுரையீரலுக்கென்று வந்த மருந்து

பிறந்தபோது அதற்கு ஒரு வேலையும் இல்லை. 1912ஆம் ஆண்டு, பிராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மேயரும் யோசப் மாலியும் ஹைட்ரசினைக் கொண்டு ஒரு வெள்ளைத் தூளைத் தயாரித்தார்கள். எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். கட்டுரை அச்சாகி நூலக அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தத் தூளைக் காசநோய்க் கிருமியின் மேல் போட்டுப் பார்க்கலாமே என்று அடுத்த நாற்பது வருஷம் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நாற்பது வருஷம் எவ்வளவு நீளமானது என்று புரிய ஒரு பெயர் போதும். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948 ஜூனில் காசநோயால் இறந்தார். வயது 42. அவருடைய நோயைத் தீர்த்திருக்கக்கூடிய பொருள், அவர் ஆறு வயதுச் சிறுவனாக இருந்தபோதே ஐரோப்பாவில் ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் இருந்தது. மருத்துவ வரலாற்றைப் படிக்கும்போது இது மாதிரி இடங்களில் என்னால் சட்டென்று பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை.

அந்தத் தூளின் பெயர் ஐசோநியாசிட். அதோடு ஒட்டிப் பிறந்த தம்பி ஒன்று உண்டு, ஐப்ரோநியாசிட். மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகளில் ஒன்றாக உலகம் ஏற்றுக்கொண்டது இந்தத் தம்பியைத்தான். இரண்டின் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். சொல்வதற்கு எங்கள் பக்கத்தைவிடப் பொருத்தமான இடமும் குறைவு. அனகாபுத்தூரிலிருந்து பம்மல் வழியாகப் பல்லாவரம் வந்து, தெற்கே போகிற மின்சார ரயிலில் ஏறினால், குரோம்பேட்டைக்கு அடுத்து வருவது தாம்பரம் சானடோரியம். ஒரு மருத்துவமனையின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட நிலையம் அது. இன்று அங்கே இறங்குகிறவர்களில் பாதிப்பேர் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்து வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம், அல்லது தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வருகிறவர்களாக இருக்கலாம். எங்கள் தெருக்களில் வயதானவர்களுக்கு மட்டும் அந்தப் பெயர் இன்னும் வேறு மாதிரி கேட்கும். ‘அவரை சானடோரியத்துல சேர்த்திருக்காங்க’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அந்த சானடோரியத்தை 1928இல் தனியார் மருத்துவமனையாகத் தொடங்கியவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. அதற்கு முன்பு இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் சானடோரியம் ஒன்றை நடத்தியவர். அங்கே அவரிடம் 1917இல் வந்து தங்கிய நோயாளிகளில் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். ராமானுஜனுக்கு உண்மையில் காசநோய்தானா, ஈரலைத் தாக்கும் அமீபா நோயா என்ற விவாதம் பின்னாளில் எழுந்தது. அன்று மருத்துவர்கள் காசநோய் என்றே எண்ணிச் சிகிச்சை கொடுத்தார்கள். குளிர், தனிமை, பிடிக்காத சாப்பாடு, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றம். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்பதையும் அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். நெஞ்சைப் பார்க்க ஆள் இருந்தார்கள். மனசை யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு அந்தக் காலத்து மருத்துவத்திடம் பதில் கிடையாது.

தாம்பரத்தில் பச்சைமலை அடிவாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. அந்தக் காலத்தில் காசநோய்க்குச் சிகிச்சை என்றால் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. இன்னும் முற்றினால் நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசியால் காற்றைச் செலுத்தி நுரையீரலை அமுக்கிவைப்பார்கள், அல்லது விலா எலும்புகளை வெட்டி எடுப்பார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் படுக்கை. 1937இல் அரசு அந்த மருத்துவமனையை எடுத்துக்கொண்டது. கிருமியைக் கொல்லும் மருந்து வருவதற்கு இன்னும் காலம் இருந்தது.

அதே 1928இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மேரி ஹேர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் ஈரலில் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார். டைரமின் என்ற பொருளைச் சிதைத்து உடம்பிலிருந்து அப்புறப்படுத்துவது அதன் வேலை. பின்னாளில் இதற்கு மோனோஅமின் ஆக்சிடேஸ் என்ற பெயர் நிலைத்தது. சௌரி முத்துவுக்கு மேரி ஹேரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. காசநோய் மருந்து ஒன்று போய் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும் என்று இரண்டு பேருமே கற்பனை செய்திருக்க முடியாது.

இப்போது 1951க்கு வரலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ராக்கெட் விமானத்துக்கு எரிபொருளாகப் பயன்படுத்தியது ஹைட்ரசின். இன்றைக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில் எரிவது அதன் குடும்பத்துப் பொருள்தான். போருக்குப் பிறகு வேதியியலாளர்கள் இந்த ஹைட்ரசினை மருந்துகளுக்கான மூலப்பொருளாகப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஹாஃப்மன்–லா ரோஷ், ஸ்க்விப், ஜெர்மனியில் பேயர் ஆகிய மூன்று நிறுவனங்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிராக் நகரத்துப் பழைய தூளை வந்தடைந்தன. கிருமி செத்தது. எலி பிழைத்தது. காப்புரிமை கேட்கப் போனால் மூவருக்கும் ஏமாற்றம், 1912ஆம் வருஷத்துக் கட்டுரை குறுக்கே நின்றது. பொருள் ஏற்கெனவே உலகத்துக்குத் தெரிந்தது, யாரும் உரிமை கொண்டாட முடியாது. மேயரும் மாலியும் தெரியாமல் செய்த தர்மம் அது. ஐசோநியாசிட் மலிவான மருந்தாக ஏழை நாடுகளுக்கு வந்ததில் அந்தப் பழைய கட்டுரைக்கு ஒரு பங்கு உண்டு.

ரோஷ் நிறுவனத்தில் ஹெர்பர்ட் ஃபாக்ஸ் ஐசோநியாசிட்டோடு நிற்காமல் அதன் மேல் ஒரு ஐசோபுரொப்பில் தொகுதியை ஏற்றினார். ஐப்ரோநியாசிட் அப்படிப் பிறந்தது. இரண்டையும் மனிதர்களிடம் சோதிக்க நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த ஸீ வியூ மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அது நம் தாம்பரத்தைப் போலவே ஊருக்கு வெளியே கட்டிய பெரிய காசநோய் மருத்துவமனை. அங்கே வேலை பார்க்க வெள்ளைச் செவிலியர்கள் மறுத்து விலகியபோது, அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பினச் செவிலியர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பகலும் இரவும் படுக்கையருகே நின்றவர்கள் அவர்கள்தான். எட்வர்ட் ரோபிட்செக், இர்விங் செலிகாஃப் என்ற இரண்டு மருத்துவர்கள், மற்ற சிகிச்சைகளெல்லாம் கைவிட்ட நோயாளிகளுக்கு 1951இல் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

காய்ச்சல் இறங்கியது. பசி எடுத்தது, எடை ஏறியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. சாவுக்குக் காத்துக்கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசினார்கள், சிரித்தார்கள், ஒருவரையொருவர் போய்ப் பார்த்தார்கள். வார்டில் நடனமாடினார்கள். 1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் செய்தி கசிந்து பத்திரிகைகளில் வந்தது, அந்த நடனத்தின் புகைப்படங்கள் அமெரிக்கா முழுக்கப் பரவின.

பிழைத்துவிட்டோம் என்று தெரிந்தால் யார்தான் ஆடமாட்டார்கள்? முதலில் எல்லோருக்கும் தோன்றிய விளக்கம் இதுதான். ஆனால் ஐப்ரோநியாசிட் சாப்பிட்டவர்களிடம் உற்சாகம் ஐசோநியாசிட் சாப்பிட்டவர்களிடம் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. சிலருக்குத் தூக்கம் வரவில்லை, சிலருக்குப் பதற்றம், அளவுமீறிய கிளர்ச்சி. காசநோய் மருத்துவர்கள் அதை எங்கே எழுதினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மலச்சிக்கல், தலைசுற்றல், சிறுநீர் இறங்கச் சிரமம், அவற்றோடு சேர்த்து மகிழ்ச்சி. பக்கவிளைவுப் பட்டியலில் ஒரு வரி. கிருமியை ஐசோநியாசிட்டே நன்றாகக் கொல்கிறது, தொல்லையும் குறைவு. ஆகவே தம்பியை ஓரமாக வைத்துவிட்டு அண்ணனை எடுத்துக்கொண்டார்கள். நுரையீரல் மருத்துவர்களின் முடிவு சரியானது. அவர்கள் தேடியது அதுவல்ல.

தேடியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். பாரிஸில் ழான் டிலே 1952இலேயே ஐசோநியாசிட்டை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அமெரிக்காவின் சின்சினாட்டியில் அதே ஐசோநியாசிட்டைக் கொடுத்த மேக்ஸ் லூரியும் ஹாரி சால்ஸரும் தங்கள் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தேறினார்கள் என்று எழுதினார்கள். மனச்சோர்வை எதிர்க்கும் மருந்து என்று ஒரு வகையே உண்டு என்ற எண்ணம் அந்த நாட்களில் உருவானதுதான். அதுவரை மனநல மருத்துவரின் கையில் இருந்தவை மின்னதிர்ச்சி, இன்சுலின் மயக்கம், ஒருசில தூக்க மருந்துகள். சென்னையில் 1794இல் வேலண்டைன் கானொலி தொடங்கிய மனநோய் விடுதியின் வாரிசான கீழ்ப்பாக்கம் மருத்துவமனையிலும் அந்தக் காலத்தின் வசதி அவ்வளவுதான்.

1952இல்தான் சிகாகோவில் எர்ன்ஸ்ட் ஆல்பர்ட் ஸெல்லர் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். ஐப்ரோநியாசிட், மேரி ஹேர் கண்ட அந்த நொதியைச் செயலிழக்க வைக்கிறது. நொதி வேலை செய்யாவிட்டால் செரட்டோனின், நார் அட்ரினலின் போன்ற பொருட்கள் நரம்பு முனைகளில் சிதையாமல் தங்கும். ஐசோநியாசிட்டுக்கு இந்தத் திறன் மிகக் குறைவு. அப்படியானால் லூரியின் நோயாளிகள் ஏன் தேறினார்கள்? இந்தக் கேள்வியை மருத்துவம் அப்படியே தாண்டிப் போய்விட்டது.

இந்த இடத்தில் நம் நாட்டு வேர் ஒன்று உள்ளே வருகிறது. சர்ப்பகந்தி. 1931இல் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் மனநோயிலும் இரத்தக்கொதிப்பிலும் பயன்படுவதை எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்ட பலனை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தது. நியூயார்க்கின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன் அதைத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்து அமைதிப்படுத்தினார். ரிசர்பைன் கொடுத்த விலங்குகள் மூலையில் சுருண்டு கிடக்கும். மூளையில் செரட்டோனின் வற்றிப்போவதை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். முன்கூட்டியே ஐப்ரோநியாசிட் கொடுத்துவிட்டு ரிசர்பைனைக் கொடுத்தால் அதே விலங்கு துள்ளி ஓடியது. சர்ப்பகந்தி கீழே தள்ளியதை ராக்கெட் எரிபொருளின் வாரிசு தூக்கி நிறுத்தியது. கிளைன் இதைப் பார்த்தார், ஸ்டேட்டன் தீவின் நடனமும் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். ஹாரி லூமர், ஜான் சாண்டர்ஸ் ஆகியோரோடு சேர்ந்து ஐப்ரோநியாசிட்டை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1957 ஏப்ரலில் சிரக்யூஸ் நகரத்துக் கூட்டத்தில் முடிவு வெளியானது.

அதன் பிறகு நடந்ததைக் கட்டுப்படுத்த ஆளில்லை. மார்சிலிட் என்ற பெயரில் காசநோய்க்கென்றே கடையில் இருந்த மருந்து அது. ஒரே வருஷத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மனச்சோர்வு நோயாளிகளுக்குத் தரப்பட்டது. அதே 1957இல் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் இமிப்ரமின் பற்றி எழுதினார். அதுவும் முதல் மருந்து என்ற பட்டத்துக்குப் போட்டியிடும். யார் முதலில் என்ற சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. கிளைனுக்கு 1964இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது, பங்கு யாருக்கு என்று கூட்டாளிகள் நீதிமன்றம் வரை போனார்கள். பரிசும் வழக்கும் நடந்தபோது அந்த மருந்து அமெரிக்கச் சந்தையிலேயே இல்லை. சில நோயாளிகளுக்கு மஞ்சள்காமாலை வந்தது, ஈரல் கெட்டது, இறப்புகள் நேர்ந்தன. 1961இல் அமெரிக்காவில் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறந்து பத்தே வருஷம்.

அதன் வழிவந்த மருந்துகள் நின்றன. அவற்றால் இன்னொரு விபரீதம். லண்டனில் பாரி பிளாக்வெல் என்ற இளம் மருத்துவர், இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் திடீர்த் தலைவலியும் கடும் இரத்தக்கொதிப்பும் வருவதைக் கவனித்தார். நாட்டிங்ஹாமிலிருந்து ஒரு மருந்தாளுநர் எழுதிய கடிதம் வழிகாட்டியது, தன் மனைவிக்குப் பாலாடைக்கட்டி சாப்பிட்டால்தான் இப்படி ஆகிறது என்று அவர் எழுதியிருந்தார். 1963இல் பிளாக்வெல் அதை நிறுவினார். முதிர்ந்த பாலாடைக்கட்டியில் டைரமின் அதிகம். அதைச் சிதைக்க வேண்டிய நொதியை மாத்திரை முடக்கிவைத்திருக்கிறது. மேரி ஹேர் 1928இல் சொன்னதே அதுதானே. ஈரலில் டைரமினைச் சிதைக்கும் நொதி. எச்சரிக்கை 35 வருஷமாக அச்சில் இருந்தது. 1912இன் கட்டுரைக்கு நேர்ந்த கதியே இதற்கும்.

நம்மில் அந்தப் பாலாடைக்கட்டி சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்கலாம். நம் பக்கத்துக்கு வேறொரு கதை உண்டு. இலங்கையின் நெஞ்சக மருத்துவர் சி. ஜி. உரகொட, காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிட்டுவந்தவர்களில் சிலருக்குச் சூரை மீன் சாப்பிட்ட பிறகு முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடப்பதைக் கண்டார். 1977இல் கொட்டெகொடவோடு சேர்ந்து எழுதினார். சரியாகப் பதப்படுத்தாத சூரையில் ஹிஸ்டமின் ஏறிவிடும். சாதாரணமாகக் குடலிலேயே சிதைந்துபோகும் அது, அதைச் சிதைக்கும் நொதியை ஐசோநியாசிட் தடுப்பதால் இரத்தத்தில் கலக்கிறது. இன்று டிபி மாத்திரை சாப்பிடுகிற யாருக்காவது சூரைக் குழம்புக்குப் பிறகு இப்படி ஆனால், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடக்கூடாது. மருத்துவரிடம் மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அண்ணன் சென்னைக்கு வந்த கதை 1956இல் தொடங்குகிறது. மெட்ராஸ் அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் தலைமைப் பொறுப்பில் வந்தார். கேள்வி எளிமையானது. மாத்திரை கிருமியைக் கொல்லுமென்றால் சானடோரியம் எதற்கு? ஏறக்குறைய 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மறு பாதி நகரத்தின் நெருக்கடியான வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோநியாசிட்டும் பாஸ் என்ற இன்னொரு காசநோய் மருந்தும், ஒரு வருஷம். வீட்டில் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கத் திடீரென்று போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை எடுத்துச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாயின. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

உலகம் முழுவதும் காசநோய் சானடோரியங்களின் தேவையையே மாற்றிய ஆய்வு அது. அதை நான் அனகாபுத்தூரின் கண்ணோடு பார்க்கிறேன். இங்கே நெசவு ஒரு ஆள் வேலை கிடையாது. குழித்தறியில் ஒருவர் உட்கார்ந்தால் தார் சுற்ற ஒருவர், பாவு ஓட்ட வீடே சேர்ந்து நிற்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’ கட்டங்கள் இப்படித்தான் இங்கே நெய்யப்பட்டன. தறியில் உட்காரும் ஆள் ஒரு வருஷம் சானடோரியத்தில் படுத்தால் அந்த வீட்டின் தறி ஒரு வருஷம் நிற்கும். கடன் ஏறும். படுத்திருப்பவருக்கு அது தெரியும். காற்றும் முட்டையும் நுரையீரலுக்குப் போகும், இந்தக் கணக்கு இரவெல்லாம் தலைக்குள் ஓடும். சேத்துப்பட்டு ஆய்வு அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பியது. அதன் அட்டவணைகளில் எக்ஸ்ரே, சளி, எடை எல்லாம் இருந்தன. பிள்ளைகளோடு இருந்தபடி குணமானவருடைய மனநிலைக்கு ஓர் அட்டவணை போடவேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. இதே மாதங்களில்தான் கிளைன் ராக்லண்டில் தம்பியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே குடும்பத்து மருந்துகள், ஒன்று கிருமியை எண்ணும் கூட்டத்திடமும் மற்றது மனசைப் பார்க்கும் கூட்டத்திடமும் போய், இரு கூட்டமும் பேசிக்கொள்ளாமலே வளர்ந்தன.

சேத்துப்பட்டு ஆட்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கவனிப்பில் அவர்கள் சிறந்தவர்கள். ஐசோநியாசிட் அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்குக் கால் எரிச்சல், மதமதப்பு வந்ததை விடாமல் பின்தொடர்ந்தார்கள். மருந்தை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கே அது கூடுதலாக வருகிறது என்று கண்டார்கள். சிறிய அளவு பைரிடாக்ஸின், அதாவது பி6 வைட்டமின், கூடவே கொடுத்தால் தடுக்கலாம் என்று நிறுவினார்கள். இன்று டிபி மாத்திரையோடு தருகிற அந்தச் சின்ன வைட்டமின் மாத்திரைக்குப் பின்னால் சென்னை ஏழைகளின் கால்களை உட்கார்ந்து பரிசோதித்த மருத்துவர்களின் உழைப்பு இருக்கிறது. நரம்பு வரைக்கும் போனார்கள். இன்னும் ஓரடி எடுத்துவைத்து, ‘மனசு எப்படி இருக்கு’ என்று கேட்டு அதையும் எண்ணியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்றுதான் ஏங்குகிறேன்.

ஐப்ரோநியாசிட் மறைந்தாலும் அது விட்டுச்சென்ற எண்ணம் மறையவில்லை. மூளையில் இன்ன பொருள் குறைந்தால் மனச்சோர்வு, கூட்டினால் தேறும் என்ற கோட்பாடு 1960களில் அதிலிருந்து வளர்ந்தது. இன்று எழுதப்படும் பெரும்பாலான மனச்சோர்வு மாத்திரைகள் அந்தப் பாதையில் வந்தவை. கோட்பாடு அவ்வளவு எளிமையாக நிற்கவில்லை, ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். மாத்திரை பலருக்குப் பலனளிக்கிறது, ஏன் என்பது முழுதாக விளங்கவில்லை. வேலை செய்கிறது என்பதற்கும் ஏன் என்பதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி லூரியின் காலத்திலிருந்தே இருக்கிறது.

தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பிற இடங்கள் திருப்பி அனுப்பியபோது கதவைத் திறந்துவைத்தது இந்த மருத்துவமனை. ஊரே பேசத் தயங்கிய இரண்டு நோய்களை ஒரே வளாகம் தாங்கியிருக்கிறது. சேத்துப்பட்டு மையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. 2022இல் தமிழ்நாடு, காசநோய் இறப்பைக் குறைக்க ஒரு திட்டத்தைத் தொடங்கியது. நோய் தெரிந்ததும் ஆரம்பத்திலேயே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்பது. மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். உயிர்காக்கும் ஏற்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். ஆறாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. காசநோயும் மனச்சோர்வும் ஒன்றாக வருவது உலகம் அறிந்தது. மனம் உடைந்தவர் முதலில் கைவிடுவது மாத்திரையை.

இந்தக் கோரிக்கைக்கு மருந்தியல் காரணமும் உண்டு. சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரின், சிலருக்குக் கடும் மனச்சோர்வையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரும். ஐசோநியாசிட்டேகூட அபூர்வமாக மனநிலையைப் புரட்டிவிடும். ரிஃபாம்பிசின், ஈரலின் வேகத்தைக் கூட்டிச் சில மனச்சோர்வு மாத்திரைகளின் பலத்தைக் குறைத்துவிடும். இப்போது பல மருந்துகளை எதிர்க்கும் காசநோய்க்கு ஆறு மாதத்தில் முடிகிற புதிய கூட்டு மருந்து வந்திருக்கிறது. பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட். இதில் லினசோலிட் என்ன செய்கிறது தெரியுமா? மேரி ஹேர் கண்ட அதே நொதியை லேசாகத் தடுக்கிறது. ஐப்ரோநியாசிட் போன வழியிலேயே எழுபது வருஷம் கழித்து இன்னொரு காசநோய் மருந்து வந்து நிற்கிறது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கு லினசோலிட்டும் சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரக்கூடும். மருத்துவருக்குத் தெரிந்தால் கண்காணிப்பார், மாற்றிக்கொடுப்பார், இரண்டு சிகிச்சையும் நடக்கும்.

தெரிய வேண்டுமே. பம்மலிலோ அனகாபுத்தூரிலோ இருந்து கீழ்ப்பாக்கத்துக்குப் போய் மாத்திரை வாங்குகிறவர் அதை வீட்டிலேயே மறைத்துவைக்கிறார். அதே ஆள் சானடோரியத்தில் வெளிநோயாளி வரிசையில் நிற்கும்போது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ளதைச் சொல்வார், இதைச் சொல்லமாட்டார். ‘மனசுக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா, தூக்கம் வருதா’ என்று பெயரிட்டுக் கேட்க வேண்டும், பின்னால் நிற்கிறவர் காதில் விழாதபடி. சீட்டிலும் அதற்கு ஒரு கட்டம் வேண்டும். வெளியே சொல்லத் தயங்குகிறவர்களுக்கு மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, அதையும் டிபி மாத்திரை அட்டையோடு சேர்த்தே கொடுக்கலாம்.